தூரம், வேகம், நேரம் கணக்கா? முதல்ல "எது மாறல"ன்னு பாருங்க

ரயில்வே, எஸ்எஸ்சி எக்ஸாமுக்கு படிக்கிற நிறைய பேரு இந்த டாபிக்க தொட்டதுமே ஷார்ட்கட் மனப்பாடம் பண்ண ஆரம்பிச்சிடுறாங்க, ரயில் கம்பத்த தாண்டினா ஒரு ஃபார்முலா, பிளாட்பாரத்த தாண்டினா இன்னொண்ணு, எதிர்ல வந்தா வேற ஒண்ணுன்னு நோட்டு ஃபுல்லா எழுதி வெச்சிட்டு ஹால்ல உக்காந்ததும் எது எதுக்குன்னு குழம்பிப் போயிடுறாங்க. தயவுசெஞ்சு அந்த லிஸ்ட்ட ஓரமா வைங்க. தூரம் = வேகம் × நேரம், இது ஒண்ணு போதும், மத்ததெல்லாம் இதுலேர்ந்தே வந்துரும்.

முதல் வேலை யூனிட்டு. வேகம் கிலோமீட்டர்ல, நேரம் செகண்டுல குடுத்திருப்பான், அப்படியே பெருக்கினா போச்சு. ஒரு கிலோமீட்டர் 1000 மீட்டர், ஒரு மணி நேரம் 3600 செகண்டு, 1000/3600ஐ சுருக்கினா 5/18, மணிக்கு கிலோமீட்டர இதால பெருக்கினா செகண்டுக்கு மீட்டர் வந்துரும், திருப்பி மாத்த 18/5. இதுல 5/18ஆ 18/5ஆன்னு சந்தேகம் வந்தா உசைன் போல்ட்ட நெனச்சுக்கோங்க. 2009ல பெர்லின்ல 100 மீட்டர 9.58 செகண்டுல ஓடினாரு, அதாவது செகண்டுக்கு 10.4 மீட்டர் மாதிரி, அதே வேகத்த மணிக்கு கிலோமீட்டர்ல சொன்னா 37.6. செகண்டு கணக்குல நம்பர் சின்னது, மணி கணக்குல பெருசு, எப்பவும் அப்படித்தான். மணிக்கு 36 கிலோமீட்டர்னா செகண்டுக்கு 10 மீட்டர், 54னா 15, 72னா 20, 90னா 25, இந்த நாலும் கேட்ட உடனே வாயில வரணும். அப்புறம் 1 மணி 20 நிமிஷத்த 1.20ன்னு எழுதாதீங்க, அது 4/3 மணி நேரம்.

இனிமே தான் முக்கியமான விஷயம். கேள்விய படிச்சதும் பேனாவ கீழ வெச்சிட்டு, தூரம், வேகம், நேரம் மூணுல எது மாறாம இருக்குன்னு கேளுங்க.

தூரம் மாறலன்னா வேகமும் நேரமும் தலைகீழ் விகிதம். "40ல போனா 10 நிமிஷம் லேட்டு, 50ல போனா 5 நிமிஷம் முன்னாடியே போயிடுறாரு, தூரம் எவ்வளவு"ன்னு ஒரு கேள்வி சுத்திச் சுத்தி வந்துட்டே இருக்கும். எக்ஸ் போட்டு ஈக்வேஷன் எழுத வேண்டியதில்ல. வேகம் 4:5, அப்போ நேரம் 5:4. வித்தியாசம் ஒரு பங்கு, அது 10+5 = 15 நிமிஷம். 40ல போறப்போ அஞ்சு பங்கு, 75 நிமிஷம், ஒண்ணேகால் மணி நேரம், 40 × 1¼ = 50 கிலோமீட்டர். சரி பாக்கணுமா, 50 கிலோமீட்டர 50ல போனா 60 நிமிஷம், 75க்கும் 60க்கும் 15 வித்தியாசம் இருக்குல்ல, முடிஞ்சது.

சராசரி வேகத்துலயும் இதே கேள்விதான். போறப்போ 40, வர்றப்போ 60, சராசரி 50ன்னு டிக் அடிச்சா மார்க் போச்சு. ஒரு பக்கம் 120 கிலோமீட்டர்னு வெச்சுக்கோங்க, போக 3 மணி, வர 2 மணி, மொத்தம் 240ஐ 5ஆல வகுத்தா 48. மெதுவா போன நேரம் ஜாஸ்திங்கறதால சராசரி 40 பக்கம் சாயுது. அதே ஆளு 40ல ரெண்டு மணி, 60ல ரெண்டு மணி ஓட்டியிருந்தா மட்டும் தான் 50.

நேரம் மாறலன்னா சந்திக்கிற கணக்கு. சென்னைக்கும் விழுப்புரத்துக்கும் சுமாரா 160 கிலோமீட்டர். இங்கேர்ந்து ஒரு பைக் 45ல, அங்கேர்ந்து ஒண்ணு 35ல, ஒரே நேரத்துல கிளம்பினா மணிக்கு 80 கிலோமீட்டர் இடைவெளி குறையும், 2 மணி நேரத்துல சந்திப்பாங்க, சென்னையிலேர்ந்து 90 கிலோமீட்டர்ல, அதாவது மேல்மருவத்தூர் கிட்ட. சென்னைக்காரர் ஒரு மணி நேரம் முன்னாடியே கிளம்பிட்டாரா, அந்த 45ஐ முதல்ல கழிச்சிருங்க, மிச்சம் 115, அதுக்கப்புறம் தான் ரெண்டு பேருக்கும் நேரம் ஒண்ணு, அப்போ தான் 80ஆல வகுக்கணும். ஒரே பக்கமா போனா கூட்டாம கழிக்கணும், போலீஸ் திருடன் கணக்கெல்லாம் இதுதான்.

ரயில் கணக்குக்கு ஒரு படம் போதும். இன்ஜின் மூக்கு பிளாட்பாரத்துக்குள்ள நுழையறப்போ கடிகாரம் ஆரம்பிக்குது, கடைசி பெட்டி வெளிய வர்றப்போ நிக்குது. அதுக்குள்ள அந்த மூக்கு பிளாட்பார நீளம் பிளஸ் ரயில் நீளம் போயிருக்கும். எல்எச்பிங்கற புது மாதிரி ரயில் பெட்டி ஒண்ணு கிட்டத்தட்ட 24 மீட்டர், 20 பெட்டியும் இன்ஜினும் சேந்தா 500 மீட்டர் வந்துரும், அது 72ல போனா கம்பத்த தாண்ட 25 செகண்டு. பிளாட்பாரத்துக்கு 50 செகண்டு ஆச்சுன்னா அந்த எக்ஸ்ட்ரா 25 செகண்டு பிளாட்பாரத்தோடது மட்டும், 25 × 20 = 500 மீட்டர். இங்க மாறாதது வேகம், கவனிச்சீங்களா.

படகு கணக்குல புதுசா ஒண்ணும் இல்ல, ஆத்தோட போறப்போ 14, எதிர்த்து வர்றப்போ 8னா, ரெண்டையும் கூட்டி பாதி 11 படகு, கழிச்சு பாதி 3 ஆறு.

ரயில்வேயோட என்டிபிசி எக்ஸாம் முதல் கட்டத்துல 90 நிமிஷத்துல 100 கேள்வி, தப்புக்கு மூணுல ஒரு பங்கு மார்க் போகும். அதனால விடை வந்ததும் ஒரு செகண்டு பாருங்க, 40க்கும் 60க்கும் சராசரி 62ன்னு வந்தா அத டிக் பண்ணக் கூடாது.

இப்போ பேப்பர் இல்லாம ஒண்ணு போடுங்க: வழக்கமான வேகத்துல முக்கால் பங்குல போனா 20 நிமிஷம் லேட்டு, வழக்கமா எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு மணி நேரம்னு வரணும். 80 நிமிஷம்னு வந்திருந்தா நீங்க லேட்டா போன நாளோட நேரத்த சொல்லிட்டீங்க, விகிதத்துல எந்தப் பக்கம் 4, எந்தப் பக்கம் 3ன்னு மறுபடி பாருங்க.