முகம் பார்த்து வருகை போடும் கருவி: மாட்டுவதற்கு முன் முடிக்க வேண்டிய வேலைகள்

கருவியைச் சுவரில் மாட்ட அரை மணி நேரம் போதும். அதற்கு முந்தைய வேலைதான் வாரக்கணக்கில் இழுக்கும். அந்த வேலையைத் தள்ளிப்போட்டு, பெட்டி வந்திறங்கிய பிறகு சட்ட ஆலோசகரைக் கூப்பிட்டால் பாதி முடிவுகளை விற்பனையாளரே எடுத்து முடித்திருப்பார்.

முதலில் நோக்கத்தை ஒரே வரியில் எழுதுங்கள். ‘பாதுகாப்புக்காக’ என்று எழுதினால் அதில் எதையும் திணிக்கலாம். ‘ஒருவருக்குப் பதிலாக இன்னொருவர் வருகை போடுவதைத் தடுக்க’ என்றால் கையில் பிடிக்க ஏதோ இருக்கிறது. கீழே இன்னும் இரண்டு வரி. இந்தத் தில்லுமுல்லு கடந்த ஓராண்டில் எத்தனை முறை பிடிபட்டது? அடையாள அட்டையாலும் மேற்பார்வையாளரின் கண்ணாலும் அதை ஏன் தடுக்க முடியாது? கடைசிக் கேள்விக்குப் பதில் வரவில்லை என்றால் வாங்கும் எண்ணத்தை அங்கேயே விட்டுவிடலாம். 2024 பிப்ரவரியில் பிரிட்டனில் தனிநபர் தரவுப் பாதுகாப்பைக் கண்காணிக்கும் தகவல் ஆணையர் அலுவலகம், செர்கோ லெஷர் நிறுவனமும் அதோடு இணைந்த அறக்கட்டளைகளும் நடத்திய 38 பொழுதுபோக்கு மையங்களில் முகம், கைரேகை வழியான வருகைப் பதிவை நிறுத்தச் சொன்னது. அட்டை போன்ற எளிய வழி இருக்கும்போது இது ஏன் அவசியம் என்பதை அவர்களால் நிரூபிக்க முடியவில்லை. 2,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களின் தரவு அதில் சிக்கியிருந்தது.

அடுத்தது ஒப்புதல் படிவம். ‘எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிவிட்டோம்’ என்ற நிம்மதியில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆரில், ஆளை அடையாளம் காணப் பயன்படும் உயிரியல் தரவு தனி வகை. அதைத் தொடுவதற்கே தனிக் காரணம் வேண்டும். சம்பளம் கொடுப்பவர் நீட்டும் படிவத்தில் போட்ட கையெழுத்து மனமுவந்த ஒப்புதலாக அங்கே எளிதில் ஏற்கப்படாது. ஸ்வீடனின் ஷெலெஃப்டியோ நகராட்சிப் பள்ளி ஒன்று 22 மாணவர்களுக்கு மூன்று வாரம் முகவழி வருகைப் பதிவைச் சோதித்தது. ஒப்புதல் வாங்கித்தான் செய்தார்கள். மாணவர் பள்ளியைச் சார்ந்திருப்பவர், அதனால் அந்த ஒப்புதல் செல்லாது என்று சொல்லி 2019-இல் ஸ்வீடனின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2 லட்சம் குரோனர் அபராதம் விதித்தது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் கதை வேறு: 2008-இல் வந்த உயிரியல் தரவுத் தனியுரிமைச் சட்டப்படி எழுத்து மூலமான அனுமதியும், எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள் என்ற பகிரங்கமான கொள்கையும் கட்டாயம். தவறினால் பாதிக்கப்பட்டவரே வழக்குப் போடலாம். கவனக்குறைவுக்கு 1,000 டாலர் இழப்பீடு, தெரிந்தே செய்தால் 5,000. அதனால் உங்கள் இடத்துக்குப் பொருந்தும் சட்டம் எது என்று பார்க்காமல் இணையத்தில் கிடைத்த படிவத்தை அப்படியே எடுத்துப் போடாதீர்கள். எந்தச் சட்டமானாலும் அட்டை வழியையும் கூடவே திறந்து வையுங்கள். மறுக்க வழியே இல்லாத இடத்தில் வாங்கிய சம்மதத்துக்கு மதிப்புக் குறைவு.

இனி, எல்லாவற்றையும்விடப் பெரிய முடிவு. கருவி ‘இவர் யார்?’ என்று தேடப்போகிறதா, ‘இவர் சொல்லும் ஆள்தானா?’ என்று சரிபார்க்கப்போகிறதா? வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே கருவிதான். கணக்குப் போட்டால் வித்தியாசம் தெரியும். ஒரு ஒப்பீட்டில் தவறான ஆளைப் பொருத்தும் வாய்ப்பு 10,000-இல் 1 என்று வைத்துக்கொள்வோம். 500 பேர் பதிவான பட்டியலில் தேடினால், பட்டியலிலேயே இல்லாத ஓர் அந்நியரின் முகம் 500 முறை ஒப்பிடப்படும். யாரோ ஒருவரோடு தவறாகப் பொருந்த ஏறத்தாழ 5% வாய்ப்பு. அதே ஆள் ஓர் அட்டையைக் காட்டி, அந்த அட்டைக்குரிய ஒரே முகத்தோடு மட்டும் ஒப்பிட்டால் 0.01%. ஆகவே அட்டையும் முகமும் சேர்ந்த முறையைக் கேளுங்கள். முகத்தின் எண் வடிவமான டெம்ப்ளேட்டை அட்டையின் சிப்பிலேயே வைக்க முடிந்தால் இன்னும் நல்லது. சர்வரில் எதுவும் இல்லையென்றால் அங்கிருந்து திருட்டுப்போகவும் எதுவும் இல்லை.

‘99.9% துல்லியம்’ என்று விளம்பரத் தாளில் இருந்தால், எந்த வகைத் தவற்றைக் கணக்கிட்டது என்று கேளுங்கள். அந்நியரை உள்ளே விடுவது ஒரு தவறு. சொந்த ஊழியரை வெளியே நிறுத்துவது இன்னொன்று. இரண்டு முகம் எவ்வளவு ஒத்திருந்தால் ஒரே ஆள் என்று ஏற்பது என்பதுதான் பொருத்த வரம்பு. அதை உயர்த்தினால் முதலாவது குறையும், இரண்டாவது கூடும். இரண்டு எண்ணையும் ஒரே வரம்பில் எழுதித் தராதவரிடம் வாங்க வேண்டாம்.

பிறகு நீங்களே சோதியுங்கள். 300 தனித்தனி முயற்சிகளில் ஒரு தவறும் வராவிட்டால், தவறு விகிதம் 1 சதவீதத்துக்குக் கீழ் என்று 95% உறுதியோடு சொல்லலாம். 30 முயற்சியோடு நிறுத்தினால் 10 சதவீதத்துக்குக் கீழ் என்று மட்டும்தான் சொல்ல முடியும். பத்துப் பேரை முப்பது முறை நிற்க வைத்துவிட்டு 300 என்று எழுதுவது ஏமாற்று. காலை வெயில் முதுகுப் பக்கமாக விழும் வாசலில், கண்ணாடி, முகக்கவசம், தலைத்துணி, தாடி எல்லாவற்றோடும் பாருங்கள். மொத்த விகிதத்தை மட்டும் பார்த்தால் ஒரு பிரிவினருக்கு நேரும் அநியாயம் அதில் மறைந்துவிடும். தோல் நிறம், பால், வயது வாரியாகப் பிரித்து எழுதுங்கள். அமெரிக்க அரசின் தரநிர்ணய அமைப்பான நிஸ்ட் 2019-இல் முகம் அறியும் 189 மென்பொருள் வழிமுறைகளைச் சோதித்தபோது, பலவற்றில் தவறான பொருத்தம் சில இனத்தாருக்கு 10 முதல் 100 மடங்குவரை கூடுதலாக இருந்தது. கைப்பேசித் திரையில் ஒரு புகைப்படத்தைக் காட்டிக் கருவி ஏமாறுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள், இரண்டு நிமிட வேலை.

கருவி ‘வரவில்லை’ என்றதை வைத்து யாருடைய சம்பளத்தையும் தானாக வெட்டக்கூடாது. வாசலிலேயே கையெழுத்துப் பதிவேடு ஒன்று இருக்கட்டும். புகார் வந்தால் மாற்றி எழுதும் அதிகாரம் உள்ளவர் யார், எத்தனை நாளில் முடிப்பார் என்பதை அறிவிப்புப் பலகையில் போடுங்கள். பெயர் போடாத பொறுப்பை யாரும் ஏற்பதில்லை.

விற்பனையாளரோடு போடும் ஒப்பந்தத்தில் நான்கு விஷயங்கள் எழுத்தில் வேண்டும்: முகத் தரவை விற்பனையாளர் தன் மென்பொருளைப் பழக்கப் பயன்படுத்தக்கூடாது, டெம்ப்ளேட் உருவானதும் மூலப் படம் அழிய வேண்டும், வேலையை விட்டுப் போனவரின் தரவு அன்றே (பேக்கப்பிலிருந்து 30 நாளுக்குள்) போக வேண்டும், கசிவு தெரிந்த 24 மணி நேரத்தில் உங்களுக்குத் தகவல் வர வேண்டும். கசிவைத் தரவுப் பாதுகாப்பு ஆணையத்துக்குத் தெரிவிக்க ஜிடிபிஆர் உங்களுக்கே 72 மணி நேரம்தான் தருகிறது. அதை விற்பனையாளரின் தாமதத்தில் கரைக்க முடியாது.

மென்பொருள் புதுப்பிப்பு வரும்போதெல்லாம் அமைப்புப் பக்கத்தை ஒருமுறை திறந்து பாருங்கள். ‘மனநிலை அறிதல்’ மாதிரி ஏதாவது கேட்காமலே இயங்கத் தொடங்கியிருக்கலாம். வேலையிடத்திலும் கல்வி நிலையத்திலும் உணர்ச்சியைக் கணிப்பதை, மருத்துவம், பாதுகாப்புக் காரணங்கள் தவிர, ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் 2025 பிப்ரவரி 2 முதல் தடை செய்திருக்கிறது. அபராதத்தின் உச்சம் 3.5 கோடி யூரோ அல்லது உலகளாவிய ஆண்டு விற்றுமுதலில் 7%, இரண்டில் எது அதிகமோ அது. அந்த வசதியை அணைத்துவிட்டு, அணைத்த தேதியைக் குறித்து வையுங்கள்.

பழுதான கருவியைத் திருப்பி அனுப்பும்போது இதெல்லாம் மறந்துபோகும். டெம்ப்ளேட்டுகள் பல மாடல்களில் கருவிக்குள்ளேயே இருக்கும். அழித்த பிறகு பழைய ஊழியர் ஒருவரை முன்னால் நிறுத்திப் பாருங்கள். கருவி இன்னும் பெயரைச் சொன்னால் பெட்டியை ஒட்டாதீர்கள்.