மூடியில் கை வைத்துப் பாருங்கள்: முகாம் அடுப்பும் விளக்கும்

கல்வராயன் மலைக்கோ ஜவ்வாது மலைக்கோ கூடாரத்தோடு கிளம்பும் கடலூர் இளைஞர்கள், ஒரு வாரம் முன்பே தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஒத்திகை பார்க்கிறார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் அடுப்பைப் பற்றவைத்ததும், நாங்கள் அந்த வயதில் அடித்த அதே கூத்து தொடங்கிவிடுகிறது. தீப்பெட்டியை மறப்பது, உப்பை மறப்பது எல்லாம் ஒருமுறை பட்டால் தானே சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

டப்பாவுக்கு மேல் தோசைக்கல்

பெட்டி போன்ற கையடக்க கேஸ் அடுப்பில், பர்னருக்குப் பக்கத்திலேயே ஒரு மூடிக்குள் கேஸ் டப்பா படுத்திருக்கும். உள்ளே பெரும்பாலும் பியூட்டேன். மைனஸ் 0.5 டிகிரியிலேயே கொதிக்கும் திரவம் அது. ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தை டப்பாவிலிருந்தே உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே அடுப்பு எரிய எரிய டப்பா குளிர வேண்டும். நம் கடலோரப் புழுக்கத்தில் அதன்மேல் நீர் முத்து முத்தாக அரும்பும்.

அண்மையில் ஒரு கூட்டம் வீட்டுத் தோசைக்கல்லையே தூக்கிக்கொண்டு வந்திருந்தது. கல்லின் விளிம்பு டப்பா மூடியை முழுக்க மறைத்தது. காற்றில் தீ நிற்கவில்லை என்று சுற்றிலும் செங்கல் வேறு. மூடியில் கை வைத்தேன், சுட்டது. பேசாமல் அணைத்தேன். “ஒரு தோசைதானே அண்ணா” என்றான் ஒருவன். 50 டிகிரிக்கு மேல் சூடேறக் கூடாது என்று டப்பாவிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். தோசை மாவு பாக்கெட்டில் தேதி பார்க்கிறவர்கள் இதைப் படிப்பதில்லை! சூடு ஏறினால் உள்ளழுத்தம் ஏறும், டப்பா வெடிக்கும். அழுத்தம் கூடினால் கேஸை நிறுத்தும் அமைப்பு நல்ல அடுப்புகளில் உண்டு. அது வேலை செய்கிறதா என்று மலையில் சோதிக்க வேண்டாம்.

பாத்திரத்தின் அடி மூடிப்பக்கம் நீளக் கூடாது. மறைப்பு காற்று வரும் பக்கம் மட்டும் போதும், அதுவும் தள்ளியே. இரண்டு அடுப்பை ஒட்டவைத்து அண்டா ஏற்றுவதும் இதே தவறுதான்.

கூடாரத்துக்குள் அடுப்பு, கரி

கூடவே கூடாது. எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும் நச்சு வாயு; அதற்கு வாசனை கிடையாது.

ரயிலில் கேஸ்

குற்றம். 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் சுற்றுலா ரயில் பெட்டி எரிந்து 9 பேர் இறந்தார்கள். உள்ளே திருட்டுத்தனமாகக் கொண்டுவந்த சிலிண்டர் இருந்தது.

விளக்கு

மலிவு டார்ச்சுகளில் வரும் 18650 என்ற சார்ஜ் செய்யும் உருளை செல்லில், எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்பதற்கு ‘9,900 எம்ஏஎச்’ என்று போட்டிருக்கும். அந்த அளவில் தரமான செல்லே சுமார் 3,500தான். அந்த எண்ணை நம்பி மாற்று செல் எடுக்காதவர்கள் இரண்டாம் இரவு கைபேசி வெளிச்சத்தில் வெங்காயம் நறுக்குவார்கள். தலையில் மாட்டும் விளக்கே மேல்; இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும். பளீரென்ற வெள்ளை விளக்கை அடுப்புக்கு மேலே தொங்கவிட்டால், மழை பெய்த மாலையில் குழம்பில் காயைவிட ஈசல்தான் அதிகம் இருக்கும். மங்கலான மஞ்சள் விளக்காகப் பார்த்து, பத்தடி தள்ளிக் கட்டுங்கள்.