கிளாஸ் மெயிலில் மதிப்பெண் இட்டு மடல்களை வரிசைப்படுத்துதல்

எனது வங்கி மாதக் கணக்கறிக்கையை அனுப்பும் அதே முகவரியிலிருந்துதான் கடன் விளம்பரங்களையும் அனுப்புகிறது. அனுப்புநரைப் பார்த்துக் கோப்புறை பிரித்தால் இரண்டும் ஒரே இடத்தில் போய் விழும். இத்தகைய இடத்தில்தான், விதிகளின்படி ஒவ்வொரு மடலுக்கும் ஓர் எண்ணை இட்டு அதன்படி வரிசைப்படுத்தும் மதிப்பெண் முறை கைகொடுக்கிறது. லினக்ஸிலும் விண்டோஸிலும் இலவசமாகக் கிடைக்கும் கிளாஸ் மெயில் என்ற மின்னஞ்சல் மென்பொருளில் அதைச் செய்யும் விதத்தை இங்கே விளக்குகிறேன்.

முதலில் மதிப்பெண் கண்ணில் பட வேண்டும். ‘வியூ’ பட்டியலில் ‘செட் டிஸ்ப்ளேடு காலம்ஸ்’ என்பதற்குள் மடல் பட்டியலுக்கான தேர்வைத் திறந்து, ‘ஸ்கோர்’ என்ற நெடுவரிசையைச் சேர்த்துவிடுங்கள். இப்போதைக்கு எல்லா மடல்களுக்கும் 0 என்றே காட்டும்.

அடுத்து, இன்பாக்ஸ் கோப்புறையின் மீது வலச்சொடுக்கி ‘பிராசஸிங்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். ‘ஃபில்டரிங்’ என்ற பெயரில் வேறொரு வசதியும் உண்டு. பலர் அதில் மதிப்பெண்ணை இட்டுவிட்டு, எதுவும் நடக்கவில்லையே என்று குழம்புவார்கள். கோப்புறையைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் இம்மென்பொருள் பழைய மதிப்பெண்ணை 0 ஆக்கிவிட்டுப் பிராசஸிங் விதிகளின்படி புதிதாகக் கணக்கிடுவதால், மதிப்பெண் விதிகளுக்கு உரிய இடம் ‘பிராசஸிங்’தான்.

இனி முதல் விதி: நிபந்தனையாக, அனுப்புநர் முகவரியில் வங்கியின் பெயர் இருக்க வேண்டும் என்று அமைத்து, செயலாக ‘சேஞ்ச் ஸ்கோர்’ என்பதைத் தேர்ந்து 30 என்று இடுங்கள். இரண்டாம் விதியில், மடலின் தலைப்பில் கடனைக் குறிக்கும் சொல் இருந்தால் -40 என்று இடுங்கள். கணக்கறிக்கை 30 பெறும். கடன் விளம்பரமோ 30-இல் 40 கழிந்து -10-க்கு இறங்கிவிடும். ‘செட் ஸ்கோர்’ என்ற செயலும் அருகிலேயே இருக்கும். அது முந்தைய கூட்டலைத் துடைத்துவிட்டுத் தன் எண்ணை மட்டும் வைக்குமாதலால், தொடக்கத்தில் அதைத் தொடாமலிருப்பது நல்லது. ஒவ்வொரு நிபந்தனையையும் செயலையும் விதியையும் அமைத்தபின் ‘ஆட்’ பொத்தானை அழுத்த மறவாதீர்கள்.

மூன்றாவதாக நான் வைத்திருக்கும் விதி, 14 நாளுக்கு மேற்பட்ட மடல்களுக்கு -25 இடுவது. பதில் எழுதாமல் விட்ட பழைய மடல்கள் மேலேயே நின்று மிரட்டுவதை அது தடுக்கிறது.

கடைசியாக, ‘வியூ’ பட்டியலில் ‘சார்ட்’ என்பதற்குள் மதிப்பெண் வரிசையையும் இறங்குமுகத்தையும் தேர்ந்தெடுங்கள். மதிப்பெண் சமமாக உள்ள மடல்கள் தேதிப்படி அமையும். உரையாடல்களைத் தொகுத்துக் காட்டும் இழைத்தோற்றம் இயங்கினால், உயர்ந்த மதிப்பெண் பெற்ற பதில் மடல்கூட அதன் தாய்மடலுக்கு அடியில் மறைந்து கிடக்கும். ஆகவே கன்ட்ரோல், டி விசைகளைச் சேர்த்து அழுத்தி அதை நிறுத்திவிடுங்கள்.

எண்களைத் தாராளமாக அள்ளி வீச வேண்டாம். நான் முதலில் வேண்டியவர் அனைவருக்கும் 100 கொடுத்தேன். பட்டியலில் பாதி மடல்கள் 100-இல் நின்றன, வரிசை மறுபடியும் தேதிப்படியே ஆகிவிட்டது. இப்போது அந்த எண் என் மேலாளர் ஒருவருக்கு மட்டுமே.