அவுட்டுக்காயோ பழைய துப்பாக்கியோ கண்ணில் பட்டால்

காட்டோரக் கிராமங்களில் காட்டுப்பன்றிக்கு வைக்கும் நாட்டு வெடியான அவுட்டுக்காய் பார்ப்பதற்கு எலுமிச்சை அளவு நூலுருண்டை போலத்தான் இருக்கும். பழத்துக்குள்ளோ கொழுப்புக்குள்ளோ மறைத்திருப்பார்கள். கடித்தாலோ மிதித்தாலோ வெடிக்கும். யானைக் குட்டி, மாடு, நாய் என்று தாடை சிதைந்து, தின்ன முடியாமல் நாட்கணக்கில் துடித்துச் சாகும். சுள்ளி பொறுக்கும் குழந்தைக்கும் அதே ஆபத்துதான்.

கண்டால் தொடாதீர்கள். குச்சியால் புரட்டாதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள், தூக்கி எறியாதீர்கள். உராய்வே போதும். பலரும் கை இழப்பது "அப்புறப்படுத்திவிடலாம்" என்று எடுக்கும்போதுதான். வந்த தடத்திலேயே திரும்புங்கள். ஒன்று இருந்தால் பக்கத்தில் இன்னொன்றும் இருக்கலாம். நூறு மீட்டராவது விலகி, துணியை மரத்தில் கட்டி அடையாளம் வையுங்கள். ஆடுமாடுகளை, முக்கியமாக நாயை, அந்தப் பக்கம் விடாதீர்கள். பிறகு 112-ஐ அழையுங்கள், வனச்சரக அலுவலகத்துக்கும் சொல்லுங்கள். சர்வே எண், ஓடை, கோயில் என்று இடத்தைத் துல்லியமாகச் சொன்னால் வெடிகுண்டு நிபுணர்கள் தேடி அலைய வேண்டியதில்லை.

பரணில் தாத்தாவின் துப்பாக்கி கிடைத்தால் விசையை இழுத்துப் பார்க்காதீர்கள், குழாயைத் துடைக்காதீர்கள். நாட்டுத் துப்பாக்கியில் பழைய வெடிமருந்து கெட்டித்துக் கிடக்கும். உரிமதாரர் இறந்ததும் 1959 ஆயுதச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டும். பேருந்தில் எடுத்துப் போகாதீர்கள். முதலில் வெறுங்கையோடு காவல் நிலையத்துக்குப் போய்ச் சொல்லுங்கள். ஒப்படைத்ததும் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.