பிரேமிங் நெயில் கன் வாங்கப் போகிறீர்களா? முதலில் ஆணியைப் பாருங்கள்

மரச்சட்டம் கட்டிச் சுவர், தளம், கூரை எழுப்பும் வேலைக்குக் காற்றில் இயங்கும் நெயில் கன் (ஆணி அடிக்கும் கருவி) வாங்குகிறவர்கள் பெரும்பாலும் எடையையும் விலையையும் பார்த்தே முடிவெடுக்கிறார்கள். ஆணி கடைசியில்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் ஒவ்வொரு கன்னின் மேகசினும், அதாவது ஆணிகளை நிரப்பும் பகுதியும், ஒரு குறிப்பிட்ட சாய்வுக்காகச் செய்யப்பட்டது. வேறு சாய்வில் கோத்த ஆணிப் பட்டையைப் போட்டால் ஓடாது, ஓடினாலும் சிக்கும். அதனால் ஆணியிலிருந்து தொடங்குவோம்.

படி 1: எந்த ஆணி?

சட்ட வேலைக்கு 50 முதல் 90 மி.மீ. நீளமும் 2.9 முதல் 3.3 மி.மீ. தடிமனும் உள்ள ஆணிகள்தான் வழக்கம். 38 மி.மீ. கட்டையின் தட்டைப் பக்கத்தில் அடித்து, நிற்கும் கட்டையின் முனைக்குள் இறக்க 83 மி.மீ. ஆணி சரி; உள்ளே 45 மி.மீ. பிடிக்கும். அதே ஆணியை இரண்டு 38 மி.மீ. கட்டைகளை ஒட்டவைக்க அடித்தால் மறுபக்கம் 7 மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அங்கே 75 மி.மீ. ஆணியைச் சற்றுச் சாய்த்து அடியுங்கள். சுவர் மேல் அறையும் பலகைக்கு 50 முதல் 65 மி.மீ. போதும். 50 முதல் 90 வரை எல்லாவற்றையும் ஏற்கும் கன்னாக வாங்கினால் ஒன்றே எல்லா வேலைக்கும் ஆகும்.

மழையில் நனையும் இடத்துக்கோ, பூச்சி அரிக்காமல் மருந்து ஏற்றிய மரத்துக்கோ சூடான துத்தநாகத்தில் தோய்த்த ஆணி அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஆணிதான் தாங்கும். மின்முலாம் பூசிய பளபளப்பான ஆணி அந்த மருந்தில் உள்ள செம்பு பட்டுச் சீக்கிரம் துருப்பிடிக்கும்.

அலங்கார மர வேலைக்கான 15, 16, 18 கேஜ் (ஆணித் தடிமனின் அளவு; எண் கூடினால் ஆணி மெலியும்) பினிஷ் நெயிலரும் பிராட் நெயிலரும் இந்த வேலைக்கு இல்லை. பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் அந்த மெல்லிய ஆணி பாரம் தாங்காது.

படி 2: எந்தக் கோணம்?

மேகசின் 21 டிகிரி சாய்ந்த கன்னில் முழு வட்டத் தலை ஆணிகள் பிளாஸ்டிக் பட்டையில் கோத்து வரும். அடிக்கும்போது பிளாஸ்டிக் துணுக்குகள் தெறிக்கும், மேகசினும் கொஞ்சம் பெரிதாக இருக்கும். 28 டிகிரியில் ஆணிகளை மெல்லிய கம்பியால் பற்றவைத்திருப்பார்கள். 30 முதல் 34 டிகிரி வரை காகிதப் பட்டை. ஆணிகள் நெருக்கமாக அடங்க வேண்டியிருப்பதால் தலையின் ஒரு ஓரம் வெட்டப்பட்டிருக்கும், அல்லது தலை நடுவில் இல்லாமல் ஒதுங்கியிருக்கும்.

40 செ.மீ. இடைவெளியில் நிற்கும் இரண்டு கட்டைகளுக்கு நடுவே கையை விட்டுச் சாய்த்து அடிக்கும்போது 30 டிகிரிக்கு மேல் சாய்ந்த மேகசின் இடிக்காமல் நுழையும். 21 டிகிரி பல சமயம் பக்கத்துக் கட்டையில் முட்டும். ஆனால் புயல், நிலநடுக்கம் வரும் சில பகுதிகளின் கட்டட விதிகள் முழு வட்டத் தலையைத்தான் கேட்கின்றன. உங்கள் பகுதி விதியையும், சுற்றுவட்டாரத்தில் எந்தக் கோணத்து ஆணி எப்போதும் கிடைக்கிறது என்பதையும் பார்த்து முடிவு செய்யுங்கள். கிடைக்காத ஆணிக்கு எவ்வளவு நல்ல கன்னும் வெறும் இரும்புதான்.

படி 3: ட்ரிகர்

புதியவர்களுக்கு ஒரே பதில்: வரிசை முறை ட்ரிகர். முதலில் ஆணி வெளிவரும் மூக்கு முனையை மரத்தில் அழுத்த வேண்டும், பிறகுதான் ட்ரிகர் வேலை செய்யும். அடுத்த ஆணிக்கு இரண்டையும் விட்டு மறுபடி அழுத்த வேண்டும். இன்னொரு வகையில் ட்ரிகரைப் பிடித்தபடியே முனை படும் இடத்தில் எல்லாம் ஆணி பாயும். வேகம்தான், ஆனால் கன் பின்னால் உதைத்து மீண்டும் மரத்தைத் தொட்டால் கேட்காத இரண்டாவது ஆணியும் பாயும். முதல் ஆணியின் தலையில் அது பட்டுத் திசை மாறினால் எங்கே போகும் என்று சொல்ல முடியாது.

படி 4: கையில் எடுத்துப் பார்க்கும்போது

எடை 3.2 முதல் 4 கிலோ வரை இருக்கலாம். தலைக்கு மேல் தூக்கி ஒரு நிமிடம் பிடியுங்கள். தோள் பதில் சொல்லிவிடும். ஆணி இறங்கும் ஆழத்தை மாற்றும் சக்கரம் கருவி இல்லாமலே திரும்புகிறதா, சாய்த்து அடிக்கும்போது வழுக்காமல் இருக்க மூக்கில் பற்கள் உண்டா என்று பாருங்கள். ஆணி தீரும் தருவாயில் தானே நின்றுவிடும் பூட்டு இருந்தால் நல்லது. அது இல்லாவிட்டால், கட்டையில் வெறும் பள்ளம் விழுந்திருப்பது தெரியாமல் அடித்துக்கொண்டே போவீர்கள்.

படி 5: காற்று

இந்த வகை கன்கள் பொதுவாக 70 முதல் 120 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) வரை இயங்கும். ஓர் ஆணிக்கு ஏறக்குறைய 0.1 கன அடி காற்று செலவாகும். நிமிடத்துக்கு 20, 30 ஆணி என்றால் 90 பி.எஸ்.ஐ.யில் 2 முதல் 3 சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு இத்தனை கன அடி காற்று) தரும் கம்ப்ரஸரும் 20, 25 லிட்டர் டேங்கும் ஒருவருக்குப் போதும். ஹோஸ் 15 மீட்டர் வரை என்றால் கால் இன்ச் உள்விட்டம் சமாளிக்கும். அதற்கு மேல் 3/8 இன்ச் போடுங்கள், இல்லாவிட்டால் வழியிலேயே அழுத்தம் குறைந்து ஆணித்தலை துருத்திக்கொண்டு நிற்கும். தூரம் அதிகமென்றால் மின் வயரை நீட்டாமல் ஹோஸை நீட்டுங்கள்; நீண்ட வயரில் வோல்டேஜ் குறைந்து மோட்டார் சூடாகும்.

கன்னில் ஆண் நிப்பிள் (உள்ளே நுழையும் இணைப்பு முனை), ஹோஸில் பெண் கப்ளர் (அதை உள்வாங்கிப் பற்றும் முனை). இதை மாற்றி மாட்டினால் ஹோஸைக் கழற்றிய பிறகும் கன்னுக்குள் காற்று அடைபட்டு, இன்னொரு ஆணி பாய வாய்ப்பிருக்கிறது. கம்ப்ரஸர் இல்லையென்று ஆக்சிஜன் சிலிண்டரையோ வேறு வாயு சிலிண்டரையோ ஒருபோதும் இணைக்காதீர்கள், வெடித்துவிடும்.

படி 6: முதல் ஆணி

பாதுகாப்புக் கண்ணாடியும் காது மூடியும் போட்டுக்கொள்ளுங்கள். காற்று நுழையும் துளையில் நியூமேடிக் கருவி எண்ணெய் சில சொட்டு விடுங்கள். இதைத் தினமும் செய்ய வேண்டும். இன்ஜின் ஆயில் வேண்டாம், ஓ ரிங் (காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) உப்பிக் கெடும்.

ஆணி போடாமல், விரலை ட்ரிகரில் வைக்காமல் ஹோஸை மாட்டுங்கள். மூக்கை எதிலும் அழுத்தாமல், ஆள் இல்லாத பக்கம் பார்த்து ட்ரிகரை இழுங்கள். எதுவும் நடக்கக் கூடாது. அடித்தால் கன்னைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சரியென்றால் ஆணி போட்டு, ரெகுலேட்டரை (கம்ப்ரஸரில் காற்றழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகை) 90 பி.எஸ்.ஐ.யில் வைத்து, வேலைக்கு வரும் அதே மரத்தின் துண்டில் நாலைந்து ஆணி அடியுங்கள். கட்டையைப் பிடிக்கும் கை, ஆணி இறங்கும் இடத்திலிருந்து 30 செ.மீ. தள்ளியே இருக்கட்டும், கணுவில் பட்டு வளைந்த ஆணி பக்கவாட்டில் வெளியே வரும்.

தலை மரத்தோடு சமமாக உட்கார வேண்டும். 11 மி.மீ. பலகையில் தலை 3 மி.மீ. புதைந்தால் பிடிப்பதற்கு 8 மி.மீ. மரம்தான் மிச்சம், பலத்த காற்று வீசினால் பலகை பிய்ந்து வரும். சிறிய வித்தியாசத்தை ஆழச் சக்கரத்தில் சரிசெய்யுங்கள், பெரியதை ரெகுலேட்டரில்.

சிக்கினால் முதலில் ஹோஸைக் கழற்றுங்கள், பிறகுதான் மூக்கைத் திறக்க வேண்டும். ட்ரிகர் பக்கம் ஸ் என்று காற்று கசிந்தால் அங்குள்ள வால்வின் ஓ ரிங் தேய்ந்திருக்கும். அழுத்தம் சரியாக இருந்தும் ஆணிகள் தொடர்ந்து வளைந்தால், ஆணியைத் தள்ளும் பிளேடின் நுனியைப் பாருங்கள்: உருண்டு தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டியதுதான்.