இரைச்சலை நீக்கப் போய் குரலைக் கெடுக்காதீர்கள்

"ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பதிவு செய்தேன், ஒரே இரைச்சல், எந்த ஃபில்டர் போடலாம்?" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்த மைக்கில் பதிவானது? உடனே மேசை மேல் இருக்கும் மைக்கைக் காட்டுவார்கள். அது அவர்கள் பேசிய மைக். மென்பொருள் காது கொடுத்த மைக் வேறாக இருக்கலாம்.

எனக்கே நடந்திருக்கிறது. யுஎஸ்பி மைக்கை வாய்க்கு நேரே வைத்து 40 நிமிடம் பேசி முடித்தேன். போட்டுக் கேட்டால், குரல் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல் இருக்கிறது. கீபோர்டைத் தட்டிய சத்தம் மட்டும் கணீரென்று கேட்கிறது. அன்று மாலை முழுக்க ஈக்வலைசரோடு (ஒலியின் கனத்தையும் கூர்மையையும் கூட்டிக் குறைக்கும் கருவி) மல்லுக்கட்டிய பிறகுதான் உறைத்தது, லேப்டாப்பின் உள்மைக்கில் பதிவாகியிருக்கிறது என்று. இப்போதெல்லாம் பதிவுக்கு முன் மைக்கின் வலையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்க்கிறேன். திரையில் ஒலி அளவு துள்ளினால் சரி. துள்ளாவிட்டால் கருவிப் பட்டியலில் மைக்கை மாற்ற வேண்டும். ஆடாசிட்டியைத் திறந்த பிறகு மைக்கைச் செருகினால் அது பட்டியலில் வராமல் போவதுண்டு. கருவிகளை 'ரீஸ்கேன்' செய்தாலோ, மென்பொருளை மூடித் திறந்தாலோ வந்துவிடும்.

சரியான மைக்தான், ஆனால் பதிவில் வெறும் நேர்கோடு என்றால்? பலர் மென்பொருளைத் தூக்கிவிட்டு மறுபடி நிறுவுகிறார்கள். வீண் வேலை. விண்டோஸ், மேக் இரண்டிலும் மைக்கைப் பயன்படுத்த மென்பொருளுக்கு அனுமதி தர வேண்டும். அது மறுக்கப்பட்டிருந்தால், பதிவு ஓடினாலும் ஒலி இல்லாமல் போகலாம். முதலில் பிரைவசி செட்டிங்ஸைப் பாருங்கள்.

புளூடூத் ஹெட்போனில் பதிவு செய்து, "குரல் டெலிபோனில் பேசுவதுபோல் இருக்கிறது" என்பதும் அடிக்கடி வரும் புகார். மைக்கை இயக்கியதும் பெரும்பாலான புளூடூத் ஹெட்போன்கள் அழைப்புக்கான முறைக்கு மாறிவிடும். அதில் ஒலி நொடிக்கு 8000 அல்லது 16000 மாதிரிகளாக, அதாவது அத்தனை தடவை மட்டும் அளந்து பதிவதாக, சுருங்கிவிடுகிறது. சிடி தரமோ 44100. வராமல் போன ஒலியை எந்த ஈக்வலைசரும் வரவழைக்காது. கேட்பதற்கு அந்த ஹெட்போன் இருக்கட்டும், பேசுவதற்கு ஒயர் மைக் போதும்.

அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. டிஜிட்டல் ஒலிக்கு 0 டெசிபெல்தான் கூரை. அதை முட்டினால் அலையின் தலை தட்டையாக வெட்டப்பட்டுவிடும், குரல் கரகரக்கும். பிறகு ஒலியைக் குறைத்தால் அதே கரகரப்பு மெதுவாகக் கேட்கும், அவ்வளவுதான். சத்தமாகப் பேசும் இடங்களில்கூட -12க்கும் -6க்கும் நடுவே நிற்கும்படி மைக் அளவை முன்பே குறைத்துக்கொள்ளுங்கள்.

இனி, இரைச்சலைக் குறைக்க எல்லோரும் ஓடிவரும் இடமான 'நாய்ஸ் ரிடக்‌ஷன்'. இது இரண்டு படி வேலை. இரைச்சல் மட்டும் இருக்கும் ஒரு துண்டைத் தேர்ந்தெடுத்து அதன் மாதிரியை எடுக்க வேண்டும். அப்புறம் முழுப் பதிவையும் தேர்ந்தெடுத்து, அந்த மாதிரியை வைத்து நீக்க வேண்டும். தவறு முதல் படியிலேயே நடக்கிறது. மூச்சு இழுக்கும் சத்தமோ ஒரு சொல்லின் வாலோ மாதிரியில் புகுந்துவிட்டால், மென்பொருள் அதையும் இரைச்சல் என்று நம்பிக் குரலிலும் கை வைக்கும். அதனால் பதிவை ஆரம்பித்ததும் ஐந்து நொடி வாயைத் திறக்காமல் இருங்கள். அந்த ஐந்து நொடிதான் மாதிரி. நேற்றைய பதிவில் எடுத்த மாதிரி இன்றைக்கு உதவாது. அறையும் மைக் அளவும் மாறியிருக்கும்.

இரண்டாவது தவறு பேராசை. 30 டெசிபெல் குறைத்துப் பார்க்கத் தோன்றும். இரைச்சல் போய்விடும், கூடவே குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் குழைந்து, வார்த்தைகளுக்கு நடுவே சின்னச் சின்னக் கிணுகிணுப்பு கேட்கும். 6 முதல் 12 டெசிபெல்லோடு நிறுத்திக்கொள்ளலாம். சந்தேகமாக இருந்தால் அதே பெட்டியில் 'ரெசிட்யூ' என்றொரு தேர்வு உண்டு. எதை நீக்கப் போகிறது என்பதை மட்டும் அது ஒலிக்கவிடும். அதில் நீங்கள் பேசியது புரிகிறது என்றால், வெட்டுப்படுவது உங்கள் குரல். எனக்குப் பிடித்த பொத்தான் இதுதான், யாரும் தொடுவதில்லை.

இந்தக் கருவி மின்விசிறிபோல ஒரே சீராக ஓடும் இரைச்சலுக்குத்தான் நன்றாக வேலை செய்யும். நாய்க்குரைப்பு, கதவு சாத்தும் சத்தம், அறையின் எதிரொலி இவற்றிடம் தோற்றுவிடும். 'ம்ம்ம்' என்ற ரீங்காரம் பெரும்பாலும் மின்சாரத்தின் வேலை: நாட்டைப் பொறுத்து 50 அல்லது 60 ஹெர்ட்ஸ், அதன் மடங்குகளிலும் கேட்கும். அதற்கு, குறிப்பிட்ட ஒரு அதிர்வெண்ணை மட்டும் வெட்டும் நாட்ச் ஃபில்டர் போடலாம். அதற்கு முன் லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள்; பல நேரம் அங்கேயே நின்றுவிடும்.

வரிசையையும் மாற்றாதீர்கள். இரைச்சலை நீக்கிய பிறகுதான் கம்ப்ரஸர் (உரத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறைக்கும் கருவி). முதலில் கம்ப்ரஸர் போட்டால், பேச்சு நிற்கும் இடங்களில் இரைச்சல் மேலே ஏறி, பேசும்போது இறங்கும். ஒரு மாதிரியை வைத்து அதைப் பிடிக்க முடியாது.

கடைசியாகக் கோப்பு. 2021இல் வந்த 3.0 பதிப்பிலிருந்து ஆடாசிட்டி முழு வேலையையும் 'ஏயுபி3' என்ற ஒரே கோப்பில் வைக்கிறது. மென்பொருள் திறந்திருக்கும்போது அதன் பக்கத்திலேயே, பெயர் 'வால்' (wal) என்று முடியும் இன்னொரு கோப்பு தோன்றும். வேண்டாத குப்பை என்று அதை அழித்துவிடாதீர்கள்; கடைசியாகச் செய்த மாற்றங்கள் அதற்குள் இருக்கலாம். மென்பொருளை ஒழுங்காக மூடினால் அந்த வால் தானாகவே மறைந்துவிடும்.