ஹனுக்கா லட்கே மொறுமொறுவென்று வர

ஒரு நாளுக்கே போதுமான எண்ணெயில் ஜெருசலேம் கோயில் விளக்கு 8 நாள் எரிந்தது என்பது யூதர்களின் நம்பிக்கை. அதனால்தான் அவர்களுடைய ஹனுக்கா பண்டிகையில் எண்ணெய்ப் பலகாரம். கிழக்கு ஐரோப்பிய யூத வீடுகளில் அது லட்கே, அதாவது உருளைக்கிழங்கு அடை.

துருவிய கிழங்கையும் வெங்காயத்தையும் துணியில் கட்டி ஒட்டப் பிழியுங்கள். பிழிந்த நீரைக் கொட்டிவிடாதீர்கள்! 10 நிமிடம் அசைக்காமல் வைத்தால் அடியில் வெள்ளை வெளேரென்று மாவு படியும். மேல்நீரை மட்டும் வடித்துவிட்டு, அந்த மாவை வழித்து முட்டை, உப்போடு கிழங்கில் சேருங்கள். மைதா கொஞ்சம் போதும், அடையும் உடையாது. அப்புறம், வாணலியில் நெருக்கிப் போடாதீர்கள். எண்ணெய்ச் சூடு இறங்கிவிடும். ஆப்பிள் மசியலோடு சுடச்சுடப் பரிமாறுங்கள், அவ்வளவு ருசி!